பாட்டுக்கு வரும் பணம் யார் கைக்குப் போகிறது?



பிரான்சின் தென்கரையில் இருக்கும் கான் நகரத்தைத் திரைப்பட விழாவால் அறிந்தவர்களே நம்மிடையே அதிகம். அதே ஊரில் இசை வணிகத்துக்கும் ஒரு சந்தை பல்லாண்டுகள் நடந்து வந்தது. அதன் பெயர் மிடெம். 1967-இல் பெர்னார் ஷெவ்ரி என்பவர் தொடங்கியது. பாடகர்கள் வந்து பாடுவார்கள், விருந்துகள் நடக்கும். ஆனால் அங்கே கூடியவர்களின் உண்மையான வேலை உரிமை வாங்குவதும் விற்பதும்தான். ஒரு நாட்டில் பதிவான பாட்டை இன்னொரு நாட்டில் வெளியிட வேண்டுமா, விளம்பரத்துக்கு ஒரு பழைய மெட்டு வேண்டுமா, புதிய பாடகியின் இசைத்தட்டை ஐரோப்பாவில் விற்க ஆள் வேண்டுமா, எல்லாம் அங்கே மேசைக்கு மேசை பேசி முடியும்.

இணையம் இசைக்குள் நுழைந்த பிறகு, 2000-இலிருந்து, மிடெம்நெட் என்ற தனிக் கருத்தரங்கும் அந்தச் சந்தையோடு சேர்ந்தது. இசைத்தட்டு நிறுவனத்தார், கைப்பேசி நிறுவனத்தார், மென்பொருள்காரர்கள், கலைஞர்களின் மேலாளர்கள், வழக்கறிஞர்கள் எல்லோரும் அங்கே ஒரே கூரையின்கீழ் வந்து உட்கார்ந்தார்கள். இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறோமே, அந்த முறை எப்படி வந்தது, அதிலிருந்து கிடைக்கும் பணம் எப்படிப் பிரிகிறது என்று விளங்கிக்கொள்ள அந்தச் சந்தையின் இரண்டு ஜனவரி மாதங்களைப் பார்த்தாலே போதும். ஒன்று 2008, மற்றது 2009. அந்த மேடையில் ஓங்கி ஒலித்த குரல்களையும், மேடைக்கு வராமலே வேறோர் அறையில் முடிவாகிவிட்ட ஒரு விஷயத்தையும் பற்றியதுதான் இந்த உரை.

முதலில், அந்த மண்டபத்தில் நிலவிய அச்சத்தைச் சொல்ல வேண்டும். 1999-இல் நாப்ஸ்டர் வந்தது. ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை முன்பின் தெரியாத இன்னொருவர் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை அதிலிருந்து பிறந்தது. இசைத்தட்டு விற்பனை உலகெங்கும் உச்சியில் இருந்த காலமும் அதுதான். இரண்டே ஆண்டில் நீதிமன்ற ஆணையால் நாப்ஸ்டர் ஓய்ந்தது. மக்களிடம் அது ஏற்படுத்திய பழக்கம் ஓயவில்லை. 2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து, ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்றது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுகள் விற்றன. விலை நியாயமாகவும் வழி எளிதாகவும் இருந்தால் மக்கள் காசு கொடுப்பார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் தனிமனிதர்கள்மீது வழக்குத் தொடரத் தொடங்கியது. முதல் சுற்றிலேயே நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி அகப்பட்டாள். ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 35,000 பேர்மீது நடவடிக்கை பாய்ந்தது. 2008 டிசம்பரில் சங்கம் அந்த வழியைக் கைவிட்டது. வழக்குக்குப் பயந்து பாட்டுப் பரிமாற்றம் நின்றுபோகவில்லை. நிறுவனங்களுக்கு மிஞ்சியது ஒரு தலைமுறை ரசிகர்களின் கசப்பு. உலக இசைத்தட்டுத் தொழில் கூட்டமைப்பு 2009 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் 4,000 கோடி பாட்டுக் கோப்புகள் அனுமதியின்றிக் கைமாறின. தரவிறக்கமான பாட்டுகளில் 95 சதவீதத்துக்கு யாரும் காசு தரவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. சட்டப்படியான மின்னிசை வணிகம் ஓராண்டில் 25 சதவீதம் வளர்ந்து 370 கோடி டாலரை எட்டியிருந்தது. பதிவிசை வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. மண்டபத்தில் பெரும்பாலோர் கண்ணில் பட்டது முதல் கணக்கு மட்டுமே.

2008 ஜனவரி 28. யூ2 இசைக்குழுவின் மேலாளர் பால் மெக்கின்னஸ் மிடெம் மேடையேறினார். 1970-களின் பிற்பகுதியிலிருந்து அந்தக் குழுவை வளர்த்தெடுத்தவர். ஒப்பந்தங்களில் தன் கலைஞர்களின் உரிமையை விட்டுக்கொடுக்காதவர் என்று பெயர் பெற்றவர். அவர் குற்றம் சாட்டியது பாட்டைக் காசில்லாமல் எடுத்த மாணவர்களை அல்ல, இணைய இணைப்பை விற்கும் நிறுவனங்களை. பாட்டு இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே மக்கள் வேகமான இணைப்பு வாங்குகிறார்கள், அந்த மாதக் கட்டணம் முழுவதும் கம்பி வைத்திருப்பவருக்குப் போகிறது, பாட்டை உண்டாக்கியவருக்கு ஒன்றும் வருவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். திருட்டுத்தனமாகப் பதிவிறக்குவோரின் இணைப்பைத் துண்டிக்கும் பொறுப்பை அந்த நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்றும் கேட்டார்.

அவர் சொன்னதில் முற்பாதி சரியானது. பணம் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்பதை அந்த மண்டபத்தில் துல்லியமாகச் சுட்டியவர் அவரே. பிற்பாதியைப் பிரான்ஸ் சட்டமாக்கியே பார்த்தது. மூன்று முறை எச்சரித்தும் திருந்தாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் ஹடோபி சட்டம் 2009-இல் வந்தது. அந்த ஆண்டு ஜூனிலேயே அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் அதன் முக்கியப் பகுதியை ரத்து செய்தது. இணையம் இன்று கருத்துச் சுதந்திரத்தின் கருவி, நீதிபதி அல்லாத ஓர் அமைப்பு அதைப் பறிக்க முடியாது என்பது மன்றத்தின் நிலை. அதற்கு அது துணைக்கொண்டது 1789-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தை. திருத்திய சட்டம் நீதிபதி வழியாக மீண்டும் வந்தது. ஆனால் துண்டிக்கும் தண்டனையை 2013-இல் அரசே நீக்கிவிட்டது. அத்தனை ஆண்டு விவாதத்திலும் செலவிலும் ஓர் இசைக் கலைஞருக்குக்கூட அந்தச் சட்டம் ஒரு காசு ஈட்டித் தரவில்லை.

அதே 2008 மிடெமில் கியூட்ராக்ஸ் என்ற சேவையின் தொடக்க விழாவும் நடந்தது. இரண்டரைக் கோடிப் பாட்டுகளுக்கு மேல், நான்கு பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் ஒப்புதலோடு, விளம்பர வருமானத்தில் இலவசமாகத் தரப்போகிறோம் என்று அறிவித்தார்கள். புகழ்பெற்ற பாடகர்கள் விழாவில் பாடினார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு நாள் கழிவதற்குள் அந்த நிறுவனங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இறுதி ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை என்று மறுத்தன. குறித்த நேரத்தில் சேவையும் திறக்கவில்லை. இது ஒரு நிறுவனத்தின் அவசரம் மட்டுமல்ல. இசை வணிகத்தில் தொழில்நுட்பம் எவ்வளவு தயாராக இருந்தாலும் சாவி உரிமையாளரின் கையில்தான் என்பதை அந்த ஒரு நாள் எல்லோருக்கும் காட்டிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார்கள். முதலில் உரிமையாளர்களைத் திருப்திப்படுத்து, பிறகு கடையைத் திற என்பதே அதன்பின் வழக்கமாயிற்று.

அடுத்த ஆண்டு மிடெம்நெட்டில் காற்று வேறு பக்கம் அடித்தது. கருத்தரங்கு கூடுவதற்குச் சில நாள் முன்னால்தான் ஆப்பிள், ஐட்யூன்ஸ் பாட்டுகள் எல்லாவற்றிலிருந்தும் நகல் தடைப் பூட்டை நீக்கப்போவதாக அறிவித்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டை வேறொரு கருவியில் கேட்க விடாத அந்தப் பூட்டு, நேர்மையாக வாங்கியவரை மட்டுமே தண்டித்தது. திருட்டுக் கோப்புக்குப் பூட்டே கிடையாது. அது ஒழிந்தது நல்லது.

அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் மேன் தீவின் அரசுப் பிரதிநிதி அந்தக் கூட்டத்தில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 80,000. இணைய இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மாதம் ஏறத்தாழ ஒரு பவுன் அளவிலான சிறு கட்டணம் தருவது. அதற்கு ஈடாக எங்கிருந்து வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பாட்டை எடுத்துக்கொள்வது. சேரும் பணத்தை எந்தப் பாட்டு எவ்வளவு கேட்கப்பட்டது என்று பார்த்துப் பிரிப்பது. இதில் திருடன் இல்லை, காவலர் இல்லை, வழக்கு இல்லை. வானொலிக்குப் பல நாடுகள் வெகுகாலமாகப் பின்பற்றும் ஒட்டுமொத்த உரிமம் என்ற பழைய முறையையே இணையத்துக்கு நீட்டும் யோசனை. அது நடைமுறைக்கு வரவில்லை. இசை வணிகக் கூட்டங்களில் பேசப்பட்ட யோசனைகளில் இதைப் போல நேர்மையானவை சிலவே. சோதித்துப் பார்க்கவும் அந்தத் தீவு ஏற்ற அளவுடையது. நடந்திருந்தால் பணத்தைப் பிரிக்கும் கணக்கு பொது அமைப்பு ஒன்றின் கையில் இருந்திருக்கும்.

அந்த ஆண்டு எல்லோரும் எடுத்துப் பேசிய உரை மைக் மாஸ்னிக்குடையது. அமெரிக்காவைச் சேர்ந்த எழுத்தாளர்; தொழில்நுட்பமும் வணிகமும் பற்றி எழுதுகிறவர். நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற குழுவின் டிரென்ட் ரெஸ்னரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அவர் ஒரு வாய்பாட்டைச் சொன்னார். ரசிகரோடு உறவை வளர்த்துக்கொள், அவர் வாங்குவதற்கு ஒரு காரணத்தைக் கொடு, இரண்டும் சேர்ந்தால் அதுவே வணிகம் என்றார்.

ரெஸ்னர் செய்ததை விவரமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் கோட்பாடு அல்ல. 2007-இல் அவர் தன் இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 2008 மார்ச்சில், கோஸ்ட்ஸ் என்ற தலைப்பில் 36 கருவியிசைத் துண்டுகளை நேராகத் தன் தளத்தில் வெளியிட்டார். முதல் ஒன்பது துண்டுகள் இலவசம். முழுத் தொகுப்பையும் தரவிறக்க 5 டாலர். குறுந்தகடாக வேண்டுமென்றால் 10 டாலர். நல்ல கட்டமைப்பில் வேண்டுவோருக்கு 75 டாலர். அவரே கையெழுத்திட்ட, 2,500 படிகள் மட்டும் அச்சான பெரிய பெட்டி 300 டாலர். வணிக நோக்கமின்றி யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம் என்று உரிமமும் கொடுத்தார். முதல் வாரத்தில் இலவசமும் விலையுமாக ஏறத்தாழ 7,80,000 பேர் எடுத்துச் சென்றார்கள். 16 லட்சம் டாலர் சேர்ந்தது. 300 டாலர் பெட்டிகள் அத்தனையும் தீர்ந்தன. அதிலிருந்து மட்டும் ஏழரை லட்சம் டாலர். இலவசமாகக் கிடைத்த அதே இசைத் தொகுப்புதான் அமேசானில் அந்த ஆண்டு மிக அதிகம் விற்ற மின்னிசைத் தொகுப்பும் ஆனது.

இதற்கு ஐந்து மாதம் முன்பு, 2007 அக்டோபரில், ரேடியோஹெட் குழு இன் ரெயின்போஸ் என்ற தொகுப்பை விருப்பமான விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தது. காசு தராமல் எடுத்தவர்களே அதிகம். ஆனால் 40 பவுன் விலையுள்ள பெட்டி ஒரு லட்சம் விற்றது. குறுந்தகடும் சேர்த்து மொத்தம் 30 லட்சம் படிகள் போயின என்று அவர்களின் பாடல் உரிமையைக் கவனிக்கும் நிறுவனம் ஓராண்டு கழித்துத் தெரிவித்தது. மனம் ஒப்பினால் ரசிகர் தருவார் என்பதில் ஐயமே இல்லை.

ஆனால் இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் ஒரு பொதுவான செய்தி இருக்கிறது. இரு குழுக்களையும் உலகுக்கு அறிமுகம் செய்தது அவர்கள் விட்டு வெளியேறிய அதே பழைய நிறுவன அமைப்புதான். பத்துப் பதினைந்து ஆண்டுகள் அந்த நிறுவனங்களின் விளம்பரத்திலும் விநியோகத்திலும் வளர்ந்த பெயரோடு அவர்கள் சந்தைக்கு வந்தார்கள். 300 டாலருக்குப் பெட்டி வாங்க 2,500 பேர் காத்திருப்பது எந்தப் புதுப் பாடகருக்கும் வாய்க்காது. மாஸ்னிக் சொன்ன வாய்பாடு பொய்யல்ல. சிறிய ரசிகர் வட்டத்தை வைத்துக்கொண்டு அதே வழியில் வாழ்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு கலைஞரின் கடையைப் பற்றிய வாய்பாடு. ஊர் முழுவதும் ஒரே கடைக்குப் போகத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை கிடையாது.

அந்தக் கடை அப்போதே திறந்துவிட்டிருந்தது. பாட்டைத் தரவிறக்காமல் இணையம் வழியே நேராகக் கேட்கவைக்கும் ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்வீடனின் ஸ்பாட்டிஃபை, 2008 அக்டோபரில் ஐரோப்பாவின் சில நாடுகளில் வெளிப்படையாகத் தொடங்கியது. உரிமையாளரைத் தன் பக்கம் கொண்டுவராமல் இந்தத் தொழில் நடக்காது என்பதை அது அறிந்திருந்தது. நான்கு பெரிய நிறுவனங்களும், சிறு நிறுவனங்களின் கூட்டமைப்பான மெர்லினும் அதன் பங்குகளில் ஏறத்தாழ 18 சதவீதத்தைப் பெற்றிருந்தன என்பதை 2009-இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று வெளிக்கொண்டு வந்தது. பங்குகளுக்கு அவை கொடுத்த விலை மிகச் சொற்பம். பாட்டுகளின் உரிமத்துக்குக் கிடைத்த கூடுதல் ஈடு அது. அந்தப் பாட்டுகளைப் பாடியவர்களையும் எழுதியவர்களையும் யாரும் கேட்கவில்லை.

2015-இல் இன்னொரு கதவு திறந்தது. சோனி மியூசிக்கும் ஸ்பாட்டிஃபையும் 2011-இல் அமெரிக்கச் சேவைக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை தி வெர்ஜ் இதழ் வெளியிட்டது. மூன்றாண்டில் 4.25 கோடி டாலர் வரை முன்பணம். அந்த முன்பணத்தைக் கலைஞர்களோடு எப்படிப் பகிர்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. கேட்பு வருமானத்தில் கழியாமல் முன்பணத்தில் மிஞ்சும் இத்தகைய பணத்தைக் கலைஞர்களோடு பகிர்கிறோம் என்று பெரிய நிறுவனங்கள் அந்த ஆண்டில் அறிவித்தன. அறிவிக்க வேண்டி வந்தது என்பதே அதுவரை இந்தக் கேள்வி பொதுவெளியில் எழவில்லை என்பதற்குச் சான்று.

2018 ஏப்ரலில் ஸ்பாட்டிஃபை பங்குச் சந்தைக்கு வந்தபோது பழைய பங்குகள் பெரும் செல்வமாயின. இசைத்தட்டு நிறுவனமான வார்னர் தன் பங்கு முழுவதையும் 50.4 கோடி டாலருக்கு விற்று, அதில் 12.6 கோடியைக் கலைஞர்களுக்கு ஒதுக்கியது. ஆனால் நிறுவனத்துக்குக் கணக்கில் கடன் நிற்கும் கலைஞருக்கு அந்தத் தொகை கைக்கு வராது, கடனில் கழியும். சோனி கடனைப் பார்க்காமல் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் யுனிவர்சல் நிறுவனத்தில் சேர்ந்த பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், நிறுவனம் எப்போது ஸ்பாட்டிஃபை பங்கை விற்றாலும் கடனில் கழிக்காமல் எல்லாக் கலைஞருக்கும் பகிர வேண்டும் என்பதைத் தன் ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வைத்தார். தனக்காக மட்டும் கேட்காமல் அந்த நிறுவனத்தின் அத்தனை கலைஞருக்கும் கேட்டது பாராட்டத்தக்க செயல். அத்தகைய வலிமை வாய்ந்த ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது அந்தத் தொழிலின் நிலை.

மேடைக்கு வராமலே முடிவாகிவிட்ட விஷயத்துக்கு, பணம் பிரியும் முறைக்கு, வருவோம். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டுக்கு இன்ன விலை என்று எதுவும் கிடையாது. ஒரு நாட்டில் ஒரு மாதம் சேரும் சந்தாவும் விளம்பரப் பணமும் ஒரே பொது உண்டியலில் விழுகின்றன. சேவை நிறுவனம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மீதி, மொத்தக் கேட்பில் யாருடைய பாட்டுக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கில் உரிமையாளர்களுக்குப் பிரிகிறது. கலைஞர் தன் ஒப்பந்தப்படி உரிமையாளரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இதன் விளைவு புரியும். இரண்டே சந்தாதாரர்கள், ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு வீணைக் கலைஞரின் பதிவை மட்டும் மாதத்தில் 10 முறை கேட்கிறார். மற்றவர் ஒரு புதிய திரைப்படத்தின் பாட்டுகளை நாள் முழுதும் ஓடவிட்டு 990 முறை கேட்கிறார். சேவையின் பங்கு போக 140 ரூபாய் பிரிகிறது என்றால், வீணைக்குக் கிடைப்பது 1 ரூபாய் 40 காசு. வீணை மட்டுமே கேட்டவர் கொடுத்த 100 ரூபாயின் பெரும்பகுதி, அவர் ஒரு முறைகூடக் கேட்காத பாட்டுக்குப் போய்விட்டது. அவரவர் சந்தாவை அவரவர் கேட்டவருக்கே பிரித்தால் வீணைக் கலைஞருக்கு 70 ரூபாய் கிடைத்திருக்கும். லட்சக்கணக்கானோர் சேரும்போது வித்தியாசம் இவ்வளவு கூர்மையாக இராது. ஆனால் திசை இதுதான். ஊன்றிக் கேட்கப்படும் இசையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் இசைக்குப் பணம் நகர்கிறது.

ரெஸ்னரின் பிற்கால வாழ்க்கை இதில் கவனிக்க வேண்டியது. நிறுவனமே வேண்டாம் என்று மிடெம்நெட்டில் எடுத்துக்காட்டப்பட்ட அவர் சில ஆண்டுகளில் ஒரு பெரிய நிறுவனத்தோடு மீண்டும் இணைந்தார். தனியாகச் செய்யும்போது எட்டாத ரசிகர்களை அடைய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு பீட்ஸ் மியூசிக் என்ற ஸ்ட்ரீமிங் சேவையின் படைப்புத் தலைவரானார். 2014-இல் பீட்ஸை ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது. அதிலிருந்து 2015-இல் வந்ததே ஆப்பிள் மியூசிக். ஸ்ட்ரீமிங் தரும் தொகை ஒரு முழு அடுக்குக் கலைஞர்களையே வீழ்த்திவிட்டது என்ற வருத்தத்தை 2024-இல் ஒரு பேட்டியில் அவர் வெளியிட்டார். இரு பக்கமும் நின்று பார்த்தவரின் சொல் அது. அலட்சியமாகத் தள்ளக் கூடாது.

தொழிலுக்குப் பணம் இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2024-இல் உலகப் பதிவிசை வருமானம் 2,960 கோடி டாலர். அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங். சந்தா கட்டிக் கேட்பவர்கள் 75 கோடி. ஸ்பாட்டிஃபை மட்டும் அந்த ஆண்டு உரிமையாளர்களுக்குக் கொடுத்தது 1,000 கோடி டாலர். மக்கள் காசு தருவார்களா என்று 2008-இல் கான் மண்டபமே நடுங்கிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பிரிக்கும் கணக்கு பற்றிய வாதம் தாமதமாகத்தான் பொதுமேடைக்கு வந்தது. 2020-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஸ்ட்ரீமிங்கின் பொருளாதாரத்தை விசாரித்தபோது, விமர்சகர்கள் கொண்டாடும் பாடகி நாதின் ஷா, தன் ஸ்ட்ரீமிங் வருமானத்தில் வீட்டு வாடகை கட்ட முடியவில்லை என்று சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டு அந்தக் குழு, முறையையே மாற்றியமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2021-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைச் சேவை, தனிக் கலைஞர்களுக்கு அவரவர் ரசிகரின் பணத்தையே பிரித்துக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. 2023-இல் டீஸர் என்ற ஸ்ட்ரீமிங் சேவையும் யுனிவர்சலும் சேர்ந்து, மாதம் குறைந்தது 500 பேர் 1,000 முறை கேட்கும் கலைஞருக்கு இரட்டை மதிப்பு என்று ஒரு கணக்கை வகுத்தன. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமையில் காசே கிடையாது. கடைசி விதி பெரியவர்களின் வசதிக்கானது என்றே சொல்ல வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறை மொத்தமும் இப்போது மேலே இருப்பவர்களுக்குப் பிரிகிறது.

பொது உண்டியல் முறைக்கு இன்னொரு ஆபத்தும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் பாட்டுகளை ஆயிரக்கணக்கில் செய்து, அவற்றைப் போலிக் கணக்குகளின் மூலம் ஓடவிட்டு, ஒரு கோடி டாலருக்கும் மேல் ராயல்டி பெற்றதாக ஒருவர்மீது 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. தன் சேவைக்கு நாள்தோறும் வரும் பாட்டுகளில் 18 சதவீதம் முழுக்க இயந்திரம் செய்தவை என்று 2025 ஏப்ரலில் டீஸர் தெரிவித்தது. சில மாதங்களில் அந்த விகிதம் இன்னும் ஏறியது. உண்டியல் ஒன்றாக இருக்கும்வரை போலிக் கேட்பு ஒவ்வொன்றும் உண்மையான கலைஞர் ஒருவரின் பங்கிலிருந்து எடுப்பதாகவே ஆகும்.

நம் நாட்டில் இந்தக் கதை காலர் ட்யூனில் தொடங்கியது. 2000-களில் இந்திய மின்னிசை வருமானத்தின் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கைத் தொலைபேசி நிறுவனங்களே வைத்துக்கொண்டன. மெக்கின்னஸ் கானில் சொன்னது இங்கே அப்படியே நடந்தது. 2011 நவம்பரில் ஒரு தமிழ்ப் பாட்டு, கொலவெறி, யூடியூப் வழியாக உலகைச் சுற்றியபோது இசைத்தட்டே இல்லாமல் ஒரு பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பது இங்கிருந்தவர்களுக்கும் கண்கூடாயிற்று.

ஆனால் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய பங்கு என்ற கேள்வி நம்மிடம் இணையத்தைவிட மூத்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதவும் இசையமைக்கவும் வைத்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, படத்தில் இடம்பெறும் அந்தப் பாட்டின் உரிமை அவருடையதே என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு ஒன்றை எழுதி, பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லாததை எடுத்துக்காட்டினார். 35 ஆண்டு கழித்து, 2012-இல், கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் முன்னின்று வாதாட, பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே பாட்டு எங்கே ஒலித்தாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. தன் வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் அவர்களே நினைத்தாலும் அதை எழுதிக்கொடுக்க முடியாது. மேலைநாடுகளிலும் எளிதில் கிடைக்காத பாதுகாப்பு இது. அந்தப் பணத்தைத் திரட்டும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 2017-இல் முறைப்படி மீண்டும் பதிவுபெற்றது.

ஆனால் சட்டம் எழுதிய பங்கு கைக்கு வர, பாட்டு யாருடையது என்று கணினிக்குத் தெரிய வேண்டும். இது சிறிய விஷயமல்ல. அமெரிக்காவில் 2018-இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த உரிமைக் கூட்டமைப்பிடம் 2021 பிப்ரவரியில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் ஒப்படைத்த தொகை 42.4 கோடி டாலர். அத்தனையும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் இன்னார் என்று பொருத்த முடியாமல் தேங்கிக் கிடந்த பணம். பெயர் இல்லாததால் வழங்க முடியவில்லை. அவ்வளவு ஒழுங்கான பதிவேடுகள் உள்ள நாட்டில் அந்த நிலை என்றால், 1930-களிலிருந்து பேசத் தொடங்கிய தமிழ்ப் படங்களின் பாட்டுகள் எந்த நிலையில் இருக்கும் என்று கணித்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீமிங் சேவைகளில் பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றைத் திறந்தால் பாடகர் பெயர் இருக்கும். எழுதியவர் பெயருக்கான இடம் பல பாட்டுகளில் காலி. சில தொகுப்புகளில் ஒருவர் எழுதியது வேறொருவர் பெயரில் நிற்கிறது.

இதைச் சரிசெய்யும் ஆதாரம் வேறெங்கும் இல்லை, இந்த அவையில் இருப்பவர்களைப் போன்றவர்களின் வீட்டில் இருக்கிறது. அந்நாளில் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் பாடலாசிரியர் பெயர் அச்சாகியிருக்கிறது. இசைத்தட்டுகளின் நடுவட்டத்தில் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் பதிவெண்ணும் இருக்கின்றன. புத்தகமும் இசைத்தட்டும் சேர்ந்தால் ஒரு பாட்டை எழுதியவர் யார் என்பதை நிறுவலாம். சேகரித்து வைத்திருப்பவர்கள் அவற்றைப் படமெடுத்து, பாடலாசிரியர்களின் குடும்பங்களுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் அனுப்ப வேண்டும். பாடலாசிரியர் காலமாகி 60 ஆண்டு வரை அவருடைய ராயல்டிப் பங்கு வாரிசுகளுக்கு உரியது. மறைந்து 60 ஆண்டு முடியாத பாடலாசிரியரின் குடும்பத்துக்கு இன்று ஓடும் ஸ்ட்ரீமிங் பணத்தில் கோரிக்கை வைக்க இடமிருக்கலாம். சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பெயரோடும் ஆண்டோடும் பதிவுசெய்தால்தான் அந்தக் கோரிக்கை கணக்கில் ஏறும்.